மரண வீட்டுக்குப் போய் வந்தவள்

பல்லேகம
2025 ஜூலை 7

என் தங்கச்சி மஸீனாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லாரும் சுகம். நீ கடிதத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து வாசிக்கிற ஆள் என்பதால் அங்கேயும் சுகம் என்றுதான் எழுதி முடிப்பேன். இப்போது எங்காவது உட்கார்ந்துகொள். நின்றுகொண்டு வாசிக்காதே.

ஸஜ்ஜாத்துக்கு இடது கையில் ஒரு சின்ன முறிவு. மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே. நேற்றுப் பின்னேரம் பின்வளவில் கொய்யா மரத்திலிருந்து விழுந்துவிட்டான். நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். ஓடிப் போய்ப் பார்த்தால் பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், அழக்கூட இல்லை. உன் மச்சான் கடையைப் பூட்டிவிட்டு ஓடி வந்து, தூக்கிக்கொண்டு போய், முறிவு வைத்தியம் பார்க்கிற வெதமாத்தயாவிடம் காட்டினார். அவர் தடவிப் பார்த்து, இழுத்துப் பொருத்தி, பச்சிலை அரைத்துப் பத்துப் போட்டு, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டிவிட்டார். பிஞ்சு எலும்பு, ஆறு கிழமையில் ஒட்டிவிடும் என்று சொன்னாராம். உன் மச்சானுக்குத் தோள் முறிந்தபோது அவர்தானே கட்டினார்? இன்றைக்கும் அந்தத் தோளில்தான் அரிசி மூட்டை ஏற்றுகிறார்.

இதை ஃபோனில் சொல்லலாம்தான். சிக்னலுக்கு நான் மேட்டுக்கு ஏற வேண்டும். ஏறினாலும் உன் முதலாளி உங்கள் ஃபோன்களை லாச்சிக்குள் போட்டுப் பூட்டியிருப்பார். அதோடு, நீ பாதி கேட்டதும் அழத் தொடங்குவாய், மீதிப் பாதி ஒருவருக்கும் விளங்காது. அதனால்தான் வழக்கம்போல அன்ஸாரின் பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறேன். அவன் கண்டக்டர் வேலையை விட எனக்குத் தபால்காரன் வேலைதான் கூடச் செய்கிறான்.

என்னைத் திட்டு. நீ திட்டாவிட்டால்தான் எனக்குப் பயம். உம்மா மௌத்தான பிறகு உனக்குத் தலை வாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் நான். உன் பிள்ளையை ஒரு பின்னேரம் பார்த்துக்கொள்ளத் தெரியாமல் போய்விட்டது. ராத்திரி முழுக்க அவன் பக்கத்திலேயே இருந்தேன். விடியும்போது கண்ணைத் திறந்து, "பெரியும்மா, பாண் தாங்க" என்றான். அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

எல்லாரும் சுகம்.

வஸ்ஸலாம்,
உன் ராத்தா பஹ்மிதா


மாத்தளை
2025 ஜூலை 8

ராத்தா,

வஅலைக்குமுஸ்ஸலாம்.

கடை வாசலில் அன்ஸார் நானா கடிதத்தை நீட்டியபோது என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். நின்றுகொண்டேதான் வாசித்தேன். திரைச்சீலைத் துணி கேட்டு நின்ற ஒரு அம்மாவுக்கு மூன்று மீட்டர் வெட்டச் சொன்னதை ஐந்து மீட்டர் வெட்டிவிட்டேன். முதலாளி சம்பளத்தில் பிடிப்பார். பிடிக்கட்டும்.

ஏன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவில்லை? முதலில் எக்ஸ்ரே எடுக்க வேண்டாமா? வெதமாத்தயா கெட்டிக்காரர்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர் கண்ணுக்குள் எக்ஸ்ரே மெஷின் இல்லையே. அதோடு, கொய்யா மரமா? முசுறு கடிக்கும் என்று அந்த மரத்துக்குக் கீழேகூடப் போகாத பிள்ளை அவன். இரண்டு மாதத்தில் மரம் ஏறுகிற ஆளாகிவிட்டானா? அதை நினைத்து எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. என் புத்தியைப் பாருங்கள்.

உங்களைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நேர்சரி விடுகிற நேரம் ரிஸ்வி வந்து, வாப்பா என்ற உரிமையில் ஒருவரிடமும் சொல்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன நாளை நினைத்துப் பார்க்கிறேன். இரண்டு ராத்திரி அவன் எங்கே இருக்கிறான், சாப்பிட்டானா, உயிரோடு இருக்கிறானா என்று தெரியாமல் இந்த ரோட்டில் பைத்தியம் மாதிரி அலைந்தேன். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதற்கு, "ஒன்னைப் பயம் காட்டத்தான்" என்று சிரித்தார். பிள்ளை உங்களிடம் இருக்கிறான் என்பது உங்களுக்கும் எனக்கும் மச்சானுக்கும்தான் தெரியும். நான் இப்போது ராத்திரியில் தூங்குகிறேன் என்றால் அந்த ஒரு காரணத்தால்தான். கை முறிந்தாலும் என் பிள்ளை பத்திரமான இடத்தில்தான் இருக்கிறான்.

நேற்றே வந்திருப்பேன். நான் வாடகைக்கு இருக்கிற வீட்டு மரியாயி அக்காவின் அப்பா இராயப்பன் ஐயா இறந்துவிட்டார். மூன்று நாள் வீட்டில் வைத்திருந்து இன்று பகல்தான் அடக்கம் செய்தார்கள். வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றி என் கை ஓய்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை கடை பூட்டு. முதல் பஸ்ஸில் வருகிறேன். அவனை நான் தொட்டுப் பார்க்க வேண்டும்.

உங்கள்,
மஸீனா


பல்லேகம
2025 ஜூலை 10

என் மஸீனா,

வெள்ளிக்கிழமை வராதே. காரணத்தைக் கேட்டுவிட்டுக் கோபப்படு.

நீ மரண வீட்டில் மூன்று நாள் இருந்திருக்கிறாய். வெதமாத்தயா கண்டிப்பான மனுஷன். பத்துக் கட்டினால் பொரித்தது தின்னக் கூடாது, மரண வீட்டுக்குப் போய் வந்தவர்களின் கண்ணில் அந்தக் கட்டுப் படக் கூடாது. அவர்கள் அதைக் கில்ல என்று சொல்வார்கள். நம் பக்கத்துத் தமிழாட்கள் தீட்டு என்று சொல்வதுதான். கட்டு அவிழ்க்கும் வரைக்கும் இந்தத் தடை இருக்கிறதாம். மேலே தோட்டத்தில் ஒரு பிள்ளையின் காலைக் கட்டியிருந்தபோது மரண வீட்டிலிருந்து நேரே வந்த மாமன் ஒருவன் எட்டிப் பார்த்தானாம். அந்தப் பிள்ளை இன்றைக்கும் சாய்ந்து சாய்ந்துதான் நடக்கிறது.

நீ சிரிப்பாய். "நம்மட மார்க்கத்தில எங்க ராத்தா தீட்டு இருக்கு?" என்று கேட்பாய். எனக்கும் தெரியும். ஆனால் மருந்து அவருடையது, சட்டமும் அவருடையது. எலும்பு கோணலாக ஒட்டிவிட்டால் வாழ்நாள் முழுக்க நீதான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அப்போது என் முகத்தில் விழிப்பாயா?

ஆள் இப்போது ராஜா. வலது கையால் எல்லாரையும் ஏவுகிறான். அவன் சொல்லச் சொல்ல எழுதுகிறேன், கேள்:

"உம்மா, எனக்கு நோவு இல்ல. ராத்திரியில மட்டும் கொஞ்சம். பெரியும்மா எனக்கு முட்டை பொரிச்சுத் தரமாட்டேங்கிறாங்க. வரும்போது எனக்கு ஒரு சின்ன ஹெல்மட் வாங்கிட்டு வாங்க."

ஹெல்மட் போட்டுக்கொண்டு மரம் ஏறப் போகிறானாம்! கேட்டுச் சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நோகிறது.

பொறுமையாக இரு. ஆறு கிழமை ஓடிவிடும்.

உன் ராத்தா


மாத்தளை
2025 ஜூலை 12

அன்பு ராத்தா,

நீங்கள் வராதே என்று சொல்லியும் வந்தேன் என்று நேற்று என்னை ஏசினீர்கள். அதுவும் பஸ் தரிப்பில் வைத்து. ஏசியதற்கு நன்றி. இல்லாவிட்டால் நான் உங்கள் வாசல் வரைக்கும் வந்திருப்பேன்.

பஸ்ஸில் வரும்போது முடிவு செய்துகொண்டுதான் வந்தேன், கிட்டப் போகக் கூடாது, தூரத்திலிருந்து பார்த்துவிட்டுப் பையைக் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்று. ரிவர்ஸ்டன் உச்சியில் காற்று பஸ்ஸையே ஆட்டியது. பக்கத்தில் இருந்த கிழவர் கலிமா சொன்னார். நான் மட்டும் தூரத்திலிருந்து பார்ப்பது பார்ப்பதில் சேருமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அவன் விறாந்தையில் உங்கள் நீலத் தாவணியில் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தான், ராத்தா. எவ்வளவு சின்னக் கை. நான் பஸ் தரிப்பின் சுவரோரம் நின்றேன். எப்படித்தான் கண்டானோ, "உம்மா!" என்று கத்திக்கொண்டு எழுந்தான். ஓடி வந்துவிடுவான் என்று பயந்து நான் சுவருக்குப் பின்னால் மறைந்துவிட்டேன். என் பிள்ளை என்னைக் கூப்பிட, நான் ஒளிந்து நின்றேன். அவன் இன்னும் இரண்டு தரம் கூப்பிட்டான். பிறகு நீங்கள் போய் உள்ளே கூட்டிக்கொண்டு போனீர்கள். திரும்பி வரும் வழியெல்லாம் அந்த மூன்று கூப்பாடும் காதிலேயே நின்றன.

என் கண்ணால் அந்த எலும்புக்கு ஒரு கெடுதலும் வரக் கூடாது. நம்பிக்கை இல்லாத விஷயத்துக்கும் மனுஷன் பயப்படுவான் போல. பிள்ளை என்று வந்தால் எல்லாவற்றுக்கும் பயம்தான்.

மச்சானுக்குக் காய்ச்சல், உள்ளறையில் படுத்திருக்கிறார், அதனால்தான் கதவைச் சாத்தியிருக்கிறோம் என்றீர்கள். பஸ் திரும்பும்போது பார்க்கிறேன், மனுஷன் தொப்பியோடு பள்ளியிலிருந்து நடந்து வருகிறார். காய்ச்சலோடும் ஜும்ஆவை விடவில்லை. ஆள் ஒரு நாளும் திருந்த மாட்டார் என்று அவரிடம் சொல்லுங்கள். மல்லித் தண்ணி அவித்துக் கொடுங்கள்.

என் பிள்ளைக்கு நீங்கள்தான் இப்போது உம்மா. அல்லாஹ் உங்களுக்கு நல்ல கூலி தரட்டும்.

உங்கள் மஸீனா


பல்லேகம
2025 ஓகஸ்ட் 9

என் தங்கச்சிக்கு,

கட்டு அவிழ்க்கிற நாள் நெருங்கிவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமை இல்லை, அதற்கடுத்த ஞாயிறு. அவிழ்த்த பிறகு மத்தியானப் பஸ்ஸில் வா. வட்டிலப்பம் செய்து வைக்கிறேன். முட்டையும் பொரித்துக் கொடுக்கலாம், தடை முடிந்தது. பிள்ளை ஒரு நாளைக்கு நூறு தரம் உன் பேரைச் சொல்கிறான்.

இன்னொரு விஷயம். நீ கோபப்படாமல் வாசிக்க வேண்டும். செப்டெம்பரில் காதியார் முன்னால் உன் விவாகரத்துத் தவணை வருகிறது. அதற்கு முன்னால் ஒரு தரம் யோசித்துப் பார். ரிஸ்வி செய்தது பிழை. பெரிய பிழை. ஆனால் ஆள் இப்போது முந்தி மாதிரி இல்லை. மெலிந்து போய்க் கன்னமெல்லாம் ஒட்டிவிட்டது. வெற்றிலைகூட விட்டாயிற்று. பிள்ளையின் பேரைச் சொன்னாலே கண் நிறைந்துவிடுகிறது. ஒரு ஆம்பளைப் பிள்ளை வாப்பா இல்லாமல் வளர்வது எனக்குச் சரியாகப் படவில்லை. நாம் இரண்டு பேரும் வாப்பா இல்லாமல் வளர்ந்தவர்கள். மற்றப் பிள்ளைகள் வாப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு பெருநாள் தொழுகைக்குப் போகும்போது நீ கதவுக்குப் பின்னால் நின்று அழுவாய். எனக்கு மறக்கவில்லை.

சொல்ல வேண்டும் என்று தோன்றியது, சொல்லிவிட்டேன்.

உன் ராத்தா


மாத்தளை
2025 ஓகஸ்ட் 18

பஹ்மிதா ராத்தாவுக்கு,

சனிக்கிழமை உங்கள் வீட்டுக்கு வந்து, நீங்கள் ஊற்றிய தேத்தண்ணியைக் குடித்து, ஸஜ்ஜாத்தின் உடுப்பை அடுக்கிக்கொண்டு, காரணம் சொல்லாமல் அவனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். "என்ன புள்ள, நாளைக்குத்தானே கட்டு அவிழ்க்கிறது, என்னடி நடந்துச்சு?" என்று பஸ் வரைக்கும் பின்னால் வந்தீர்கள். வாயைத் திறந்தால் மச்சானின் கடைக்கு முன்னால் ஊரே கூடுகிற மாதிரிக் கத்தியிருப்பேன். அதனால் எழுதுகிறேன்.

ரிஸ்வி மெலிந்துவிட்டார் என்று உங்கள் கடிதத்தில் இருந்தது. மெலிந்தாராம் என்று இல்லை. அந்த இடத்தை நான் பல தரம் வாசித்தேன். பிறகு, சும்மா யாராவது சொல்லியிருப்பார்கள் என்று என்னை நானே ஏசிக்கொண்டேன். என் ராத்தாவைச் சந்தேகப்படுகிற அளவுக்கு ரிஸ்வி என்னை ஆக்கிவிட்டார் என்று அழுதேன். இதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

சனிக்கிழமை நான் நேரே உங்கள் வீட்டுக்கு வரவில்லை. முதலில் வெதமாத்தயா வீட்டில் இறங்கினேன். ஒரு கட்டு வெற்றிலையும் உடுக்கச் சாரம் ஒன்றும் கொண்டு போனேன். அனுமதி கேட்கத்தான் போனேன், ராத்தா. நான் மரண வீட்டுக்குப் போனவள், இப்போது தீட்டுக் கழிந்திருக்குமா, நாளைக்குக் கட்டு அவிழ்க்கும்போது நானும் பக்கத்தில் நிற்கலாமா என்று கேட்க.

மனுஷனுக்கு நான் யாரென்றே விளங்கவில்லை. பிள்ளையின் அம்மா என்று சிங்களத்தில் சொன்னதும் மேலும் கீழும் பார்த்தார். "நீங்கள் வெளிநாட்டில் இருப்பதாக அல்லவா அவன் அப்பா சொன்னார்?" என்று கேட்டார். மரண வீட்டைப் பற்றி அவரிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லையாம், அவரும் சொல்லவில்லையாம். மோட்டர் சைக்கிளிலிருந்து விழுந்த அன்று பிள்ளையை விட அப்பாதான் கூட அழுதாராம், அவருடைய முழங்காலுக்கும் இவர்தான் மருந்து கட்டினாராம். சொல்லிவிட்டு வாசலில் காத்துக்கொண்டிருந்த வேறு ஒருவரைக் கூப்பிட்டார். அவருக்கு அது ஒரு விஷயமே இல்லை. நான் வெற்றிலைக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

பிறகு உங்கள் வீட்டுக்கு வந்தேன். உங்களுக்கு முன்னால் வைத்துத்தான் கேட்டேன், "எந்த மரத்திலேருந்து மகன் விழுந்தீங்க?" என்று. "கொய்யா மரம்" என்றான். சொல்லிவிட்டு உங்கள் முகத்தைப் பார்த்தான். சரியாகச் சொன்னேனா என்று கேட்கிற பார்வை அது. ஐந்து வயதுப் பிள்ளை.

பஸ் ரிவர்ஸ்டன் ஏறும்போது பனிமூட்டம். வெளியே ஒன்றும் தெரியவில்லை. என் காதுக்குள் வந்து சொன்னான்: "உம்மா, மரம் இல்ல. வாப்பாட பைக். கல்லு ரோட்டுல சறுக்கிடிச்சு. சொன்னா வாப்பா பொறகு வரமாட்டாங்கன்னு பெரியும்மா சொன்னாங்க. இப்ப நான் சொல்லிட்டேன். வாப்பா வரமாட்டாங்களா?" கேட்டுக்கொண்டே அழுதான். கை முறிந்தபோது அழாத பிள்ளை.

எலும்பு முறிந்தது விபத்து. எந்தப் பிள்ளைக்கும் முறியும். அவர் பைக்கில் ஏற்றியதைக்கூட ஒரு நாள் மறந்துவிடுவேன். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை சாத்தின கதவுக்குப் பின்னால் இருந்தது யார் என்று இப்போது எனக்குத் தெரியும். காய்ச்சல் என்று நீங்கள் சொன்ன மச்சான் பள்ளியில் இருந்தார், ரிஸ்விதான் உள்ளே இருந்தார். நான் வெளியே சுவருக்குப் பின்னால், என் கண் பட்டால் என் பிள்ளையின் கை கோணிவிடும் என்று பயந்துகொண்டு நின்றேன். நீங்கள் என்னையும் பார்த்தீர்கள், அவரையும் பார்த்தீர்கள். இரண்டு பேருக்கும் நடுவில் நடந்து போய்ப் பிள்ளையை அவரிடம் கூட்டிக்கொண்டு போனீர்கள். வீடு வந்த பிறகு அல்லாஹ் உங்களுக்குக் கூலி தரட்டும் என்று நான் எழுதினேன்.

நேற்று இங்கே ஆஸ்பத்திரியில் கட்டை அவிழ்த்து எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு நன்றாக ஒட்டியிருக்கிறதாம்.

மஸீனா


பல்லேகம
2025 ஓகஸ்ட் 20

மஸீனா,

நீ எழுதியதை உன் மச்சானிடம்கூடக் காட்டவில்லை. வாசித்துவிட்டு அடுப்பில் போட்டேன். போட்ட பிறகு இன்னொரு தரம் வாசிக்க வேண்டும் போல இருந்தது.

பொய் சொன்னேன். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீ எழுதியதில் பாதிதான் இருக்கிறது. மீதியையும் கேள்.

பிள்ளையை நீ விட்டுவிட்டுப் போன முதல் கிழமை அவன் ஒவ்வொரு பின்னேரமும் மோட்டர் சைக்கிள் சத்தம் கேட்டால் ரோட்டுக்கு ஓடுவான். வேறு யாராவதாக இருந்தால் திரும்பி வந்து என் மடியில் படுப்பான். நீ அதைக் கண்டாயா? நான் கண்டேன். இரண்டாவது கிழமையும் கண்டேன். அதன் பிறகு உன் மச்சானிடம் சொன்னேன், அவர் ரிஸ்விக்குச் சொன்னார். வந்த அன்று பிள்ளை அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. அதைப் பார்த்த எவளுக்கும் திருப்பி அனுப்ப மனம் வராது. உனக்கும் வந்திருக்காது.

பிள்ளையைக் கொண்டு போக மாட்டேன் என்று குர்ஆன் மீது சத்தியம் செய்தான். கொண்டும் போகவில்லை. நீர்த்தேக்கத்தைக் காட்டுகிறேன் என்று ஒரு சுற்றுக் கூட்டிக்கொண்டு போனான், அவ்வளவுதான். முறிந்த பிறகு எனக்குக் கையும் காலும் ஓடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் எப்படி விழுந்தான் என்று எழுதுவார்கள், பொலிஸ் வரும், உனக்குத் தெரியும், எல்லாம் முடிந்துவிடும் என்று பயந்தேன். நீ வந்து நின்றால் உன் முகத்தைப் பார்த்து என்னால் பொய் சொல்ல முடியாது. அதனால்தான் மரண வீட்டைப் பிடித்துக்கொண்டேன். நீ நம்புவாய் என்று நினைக்கவே இல்லை. ஏசிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிடுவாய் என்றுதான் நினைத்தேன். நீ சுவருக்குப் பின்னால் மறைந்தபோது, ஓடி வந்து சொல்லிவிடலாம் என்று ஒரு கால் எடுத்து வைத்தேன். வைக்கத்தான் வைத்தேன்.

உன் குடும்பம் உடையக் கூடாது என்றுதான் எல்லாவற்றையும் செய்தேன். எனக்குப் பிள்ளை இல்லை, நீதான் பிள்ளை. ஒரு தரம் என் பக்கத்திலிருந்து யோசித்துப் பார்.

பிள்ளையின் நீலச் சப்பாத்து ஒன்று கட்டிலுக்குக் கீழே கிடந்தது. அன்ஸாரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

ராத்தா


மாத்தளை
2025 ஓகஸ்ட் 23

ராத்தா,

சப்பாத்துக் கிடைத்தது.

வியாழக்கிழமை ரிஸ்வி நேர்சரி வாசலுக்கு வந்தார். மெலியவும் இல்லை, ஒன்றும் இல்லை. எல்லாருக்கும் முன்னால் வைத்துச் சொன்னார்: "புள்ளைய அடுத்தவங்க வீட்டுல போட்டுக் கைய முறிச்சவ நீ. காதியாருக்கிட்ட சொல்றேன். முஸம்மில் நானா சாட்சிக்கு வாறாரு." நம் மச்சானைத்தான் சொல்கிறார். நேர்சரி டீச்சர் ஸஜ்ஜாத்தை உள்ளே கொண்டு போய்க் கதவைப் பூட்டினார். உங்கள் வீட்டில் குர்ஆன் மீது கை வைத்துச் சத்தியம் செய்த அதே ஆள்தான்.

பிள்ளை மோட்டர் சைக்கிள் சத்தம் கேட்டு ஓடுகிறான் என்று ஒரு வரி எனக்கு எழுதியிருக்கலாம். நான் அழுதிருப்பேன். அழுதுவிட்டு, உங்கள் மடியில் தலை வைத்து, என்ன செய்யலாம் ராத்தா என்று கேட்டிருப்பேன். அவனுக்கு வாப்பாவைக் காட்ட வேறு வழி தேடியிருப்போம். நீங்கள் எனக்காக யோசித்தீர்கள், எனக்காகப் பொய் சொன்னீர்கள், என்னிடம் மட்டும் கேட்கவில்லை.

உலகத்தில் ஒரு வீட்டுக் கதவு எனக்குத் திறந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கதவுதான் சாத்தியிருந்தது.

இனி ஸஜ்ஜாத்தை நீங்கள் பார்க்க வேண்டாம். ஒரு தீட்டும் இல்லாத எனக்குத் தீட்டு என்று சொல்லிப் பிள்ளையைத் தூரத்தில் வைத்தீர்கள். நான் உங்களுக்கு அப்படிக் கதை ஒன்றும் கட்டவில்லை. வர வேண்டாம் என்று நேராகவே சொல்கிறேன்.

கடிதம் தந்தால் திருப்பிக் கொண்டு போகும்படி அன்ஸார் நானாவிடம் சொல்லியிருக்கிறேன்.

மஸீனா


பல்லேகம
2025 செப்டெம்பர் 28

என் தங்கச்சி மஸீனாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போன மூன்று கடிதமும் ஒட்டினது ஒட்டினபடி திரும்பி வந்தன. அன்ஸார் ஒவ்வொரு தரமும், "நான் என்ன செய்ய ராத்தா?" என்று தலையைச் சொறிகிறான். இதையும் அவனிடம்தான் கொடுக்கிறேன். இந்தத் தரம் உன் கையில் தராமல் மரியாயி அக்காவிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

உன் மச்சான் சாட்சிக்குப் போகவில்லை. போனால் நான் இந்த வீட்டில் இருக்க மாட்டேன் என்று சொன்னேன். அன்றிலிருந்து இரண்டு பேரும் பேசுவதில்லை. சோறு போடுகிறேன், சாப்பிடுகிறார். ரிஸ்வி ஒரு நாள் வந்து வாசலில் நின்று ஹோர்ன் அடித்தான். கதவைத் திறக்கவில்லை. இதையெல்லாம் எழுதினால் நீ என்னை மன்னிப்பாய் என்று எழுதவில்லை. உன்னிடம் சொல்லாமல் ஒன்றும் வைத்திருக்கக் கூடாது என்று இப்போதுதான் புத்தி வந்திருக்கிறது, அதற்காக எழுதுகிறேன்.

அதனால் இதையும் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை மாத்தளைக்கு வந்தேன். கடைக்குச் சாமான் எடுக்க என்று உன் மச்சானிடம் சொன்னேன். சாமான் ஒன்றும் எடுக்கவில்லை. நீங்கள் இரண்டு பேரும் மரியாயி அக்கா வீட்டுப் பக்கமாக வருவீர்கள் என்று தெரியும், எதிர்ப்பக்கம் மருந்துக் கடையின் தூணோரம் நின்றேன். ரோட்டைத் தாண்டவில்லை. நீ வராதே என்று சொன்னாய், நான் கிட்ட வரவில்லை. அன்றைக்கு நீ வந்து நின்றாயே, அந்த அளவு தூரம்தான் இருக்கும்.

நீ பாண் வாங்கக் கடைக்காரனோடு பேசிக்கொண்டிருந்தாய். கொஞ்சம் கறுத்துவிட்டாய். அவன் உன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றான். வளர்ந்திருக்கிறான். என் பக்கம் திரும்பினான்.

கண்டுகொண்டான், மஸீனா. "பெரியும்மா!" என்று கூப்பிட்டு இடது கையைத்தான் தூக்கினான். முழுக்க நீட்டித் தூக்கினான். நேராக இருக்கிறது.

நீ திரும்புவதற்குள் நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். அவன் இன்னும் ஒரு தரம் கூப்பிட்டான்.

உன்
பஹ்மிதா